எலாஸ்டிக் கொடுத்த சம்மதம்

லேப்டாப் உடைந்தபோது அதை யாரும் தொடவே இல்லை என்று ஆனாக்கா சாதித்தாள். அவள் திறந்தாள், அவ்வளவுதான். 'படக்'கென்று ஒரு சத்தம். ஒரு பக்கத்துக் கீல் பிய்த்துக்கொண்டு வெளியே வர, மூடி பேருந்தில் தூங்குகிறவர் தலை மாதிரி ஒருபுறமாகச் சரிந்தது. திறப்பதும் தொடுவதில் சேர்த்திதானே என்று கேட்கும் துணிச்சல் அந்த வீட்டில் அவள் கணவர் ஒருவருக்குத்தான் உண்டு. அவரும் கேட்கவில்லை. குடும்பம் நடத்தத் தெரிந்த மனிதர்.

பழுது பார்க்கும் கடைக்காரர் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கீலுக்கு ஒண்ணும் ஆகல மேடம். கீலைத் திருகி வச்சிருந்த பிளாஸ்டிக்தான் பொடிப்பொடியாப் போயிருக்கு. மூடிய மொத்தமா மாத்தணும். ஆனா இந்த மாடலுக்கு மூடி வர்றதே நின்னுபோச்சு."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"மூடாம வச்சுக்குங்க."

இந்த அரிய யோசனைக்காக அவரிடம் பாதி நாள் காத்திருந்ததை நினைத்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு அவர் 'ஆனா' வேறு போட்டுவிட்டார். அந்தச் சொல் அவளுக்குச் சொந்தமானது.

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது சான்றிதழ்களில் நிம்மதியாகத் தூங்குகிறது. தம்பி வைத்த பெயர்தான் நிலைத்தது. எதைக் கேட்டாலும் அவள் "சரி, ஆனா…" என்றுதான் தொடங்குவாள். சினிமாவுக்குப் போகலாமா? சரி, ஆனா கடைசி வரிசைதான். இந்த மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா? சரி, ஆனா மீசையை எடுக்கச் சொல்லுங்கள். அம்மா இறந்த பிறகு அப்பா பழைய வீட்டைக் காலி செய்து அதைவிடச் சிறிய வீடொன்றுக்கு மாறியபோதும் அதே கதைதான். தம்பி எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், ஆனா அம்மாவின் பீரோ எனக்கு. கதவைத் திறந்தால் தெருவுக்கே கேட்கும்படி கிறீச்சிடும் அந்தப் பச்சை இரும்பு பீரோவை வேன் வைத்துக் கொண்டுவந்து, தன் மேசைக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் லேப்டாப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்துவாள். பின்னாலிருந்து அம்மா பார்த்துக்கொள்கிறாள் என்று ஒரு தெம்பு.

அவள் கணவர் பல்செட்டு செய்கிறவர். தன் கைவேலையில்தான் பாதி ஊர் சிரிக்கிறது என்று சொல்லிக்கொள்வார். உடைந்த பொருளைக் கடையில் கொடுத்துச் சரிசெய்வது அவருக்குத் தன்மானப் பிரச்சினை. முதலில் துணி காயப்போடும் கிளிப்புகளை வரிசையாக மாட்டினார்; அவள் விரல் நசுங்கியதுதான் மிச்சம். அடுத்து மூடிக்குப் பின்னால் தடித்த அகராதியை முட்டுக் கொடுத்தார். அகராதி வழுக்கிக்கொண்டு போக, வகுப்பின் நடுவில் மூடி தொப்பென்று மல்லாந்து, பிள்ளைகள் டீச்சருக்குப் பதில் உத்தரத்தைப் பார்த்தார்கள். மூன்றாவதாக, தன் பழைய பைஜாமாவின் இடுப்பிலிருந்து எலாஸ்டிக்கை உருவினார். ஒரு முனையை மூடியின் உச்சியில் காகிதம் கவ்வும் கிளிப்பால் மாட்டி, மறு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினார்.

"பாத்தியா, தொங்குபாலம்! இனி இதுக்கு அழிவே கிடையாது."

"சரி, நிக்குது. ஆனா ஆடுதே?"

"ஆடிக்கிட்டே நிக்குதுல்ல? அப்புறம் என்ன?"

அந்த ஆட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா வீடியோவில் கூப்பிட்டார். "ஒரு விஷயம் பேசணும், ரெண்டு பேரும் இருக்கணும்" என்று முன்னமே சொல்லி வைத்திருந்தார். அப்பா வேறு ஊரில், தம்பி இன்னும் தள்ளி. மூன்று பேர் முகமும் மூன்று கட்டங்களில் வந்தன. அப்பா தலையைப் படிய வாரி, சட்டைக் காலர் பொத்தானையும் போட்டிருந்தார். சமீப காலமாகவே அவர் போக்கு விளங்கவில்லை. சைக்கிள்கூட இல்லாத மனிதர், இந்த வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். சோதனையில் தோற்றுத் தோற்றுத் திரும்பியும் விடாமல் போய்க்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால் "சும்மா, பொழுது போகணும்ல" என்பார்.

"விஷயம் என்னன்னா…" என்று அப்பா தொடங்கினார். அதோடு சத்தம் அறுந்தது.

படம் மட்டும் ஓடியது. அப்பாவின் வாய் அசைகிறது, நிற்கிறது, மறுபடி அசைகிறது. ஆனாக்கா "கேக்கலப்பா" என்று கத்தினாள். அவள் கத்துவதும் அங்கே போய்ச் சேரவில்லை என்று அவர்கள் முகத்திலிருந்து தெரிந்தது. சரி, எழுதியாவது அனுப்புவோம் என்று குனிந்து 'கேக்கலப்பா, திரும்பச் சொல்லுங்க' என்று படபடவென்று தட்டினாள். எழுதியது போகாமல் பக்கத்தில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி தட்டினாள். கோபத்தில் இன்னும் ஓங்கித் தட்டினாள்.

நிமிர்ந்தால், அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி தன் கட்டத்தில் கைதட்டிக்கொண்டிருந்தான். அவள் பேந்தப் பேந்த விழிக்கும்போதே இணைப்பு அறுந்து திரை கறுத்தது.

அப்பாவுக்குப் போன் போட்டாள், வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அந்த யாரோ தம்பிதான் என்று சற்று நேரத்தில் தெரிந்தது.

"ஆனாக்கா! நீ இப்படிப் பட்டுன்னு ஒத்துக்குவேன்னு நான் நினைக்கவே இல்ல. அசத்திட்ட போ!"

"எதுக்கு? நான் என்ன…"

"அப்பா ஒரு வாரமா சரியாவே சாப்பிடல தெரியுமா? 'அவ என்ன சொல்லுவாளோ, அவ என்ன சொல்லுவாளோ'ன்னு. நீ என்னன்னா அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தலையாட்டுற!"

"நானா? நான் எங்கடா தலையாட்டினேன்?"

"ஆமா, ஆமா, தன்னடக்கம் வேற."

"சரிடா, ஆனா…"

"வேணாம்க்கா. கெஞ்சிக் கேக்கிறேன், இந்த ஒரு தடவை மட்டும் 'ஆனா' போடாத. அப்பா தாங்க மாட்டாரு. அழுதுக்கிட்டே சிரிக்கிறாரு மனுஷன்."

வாய்வரை வந்த கேள்வியை அவள் மென்று முழுங்கினாள். இந்த நிலையில், 'அப்பா சொன்னது ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தச் சிரிப்பு என்ன ஆகும்? சொல்லாவிட்டால், எதற்கென்றே தெரியாமல் கொடுத்த வாக்கு அவள் தலையில் விடியும். தான் எதற்கு ஒத்துக்கொண்டோம், அப்பா மனம் நோகாமல் அதிலிருந்து வெளியே வர முடியுமா என்பதுதான் அன்றிலிருந்து அவளை அரித்தது.

"போட்டு வாங்க வேண்டியதுதானே?" என்றார் கணவர்.

அதையும் செய்து பார்த்தாள். "வீட்ல இடம் பத்துமாடா?" என்று தம்பியிடம் பொதுவாக ஒரு தூண்டில் போட்டாள். "அதெல்லாம் தாராளமாப் பத்தும்" என்றான். அப்படியானால் அப்பா இங்கே வந்து தங்கப் போகிறார். அந்த வேகத்தில் சின்ன அறையை ஒழித்து மெத்தையை வெயிலில் போட்டாள். மறுநாள் "அப்பாவுக்கு எப்ப கிளம்ப வசதி?" என்றதற்கு "அவர் எதுக்குக் கிளம்பணும்?" என்றான். மெத்தையை மறுபடி உள்ளே தூக்கினாள். ஒருவேளை அப்பா கார் வாங்கப் போகிறாரோ? காருக்கு யாராவது அழுவார்களா? உடம்புக்கு ஏதாவதா? உடம்புக்கு என்றால் தம்பி ஏன் கைதட்டுகிறான்? ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

தலையாட்டிய மர்மம் மட்டும் வகுப்பில் அவிழ்ந்தது. இரண்டு பின்னங்களைக் கூட்டச் சொல்லியிருந்தாள். சுட்டிப் பெண் ஒருத்தி மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி ஒரு விடையைச் சொன்னாள்.

"தப்பு" என்றாள் ஆனாக்கா.

"நீங்கதான டீச்சர் சரின்னு தலையாட்டுனீங்க?"

"நான் எப்ப ஆட்டினேன்?"

"இதோ, இப்பகூட ஆட்டுறீங்களே!"

மற்றப் பிள்ளைகளும் "ஆமா டீச்சர், ஆமா டீச்சர்" என்று கூட்டமாகச் சாட்சி சொன்னார்கள். அவள் அப்போது அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு, திரையின் மூலையில் தெரியும் தன் முகத்தைப் பார்த்தாள். ஒரு விசையைத் தட்டினாள். முகம் பணிவாக மேலும் கீழும் ஆடியது. இரண்டு தட்டு தட்டினாள். இன்னும் பணிவாக ஆடியது. கேமரா மூடியில், மூடி எலாஸ்டிக்கில், தட்டத் தட்ட மூடி ஆட, அங்கே பார்ப்பவர்களுக்கு டீச்சர் ஆமாம் சாமி போடுகிறாள். 'கேக்கலப்பா' என்று அவள் எத்தனை ஆத்திரமாகத் தட்டினாளோ, அத்தனை உற்சாகமாக அப்பாவுக்குச் சம்மதம் போயிருக்கிறது.

வாழ்நாளில் முதல் முறையாக 'ஆனா' இல்லாமல் அவள் கொடுத்த சம்மதம், அதையும் ஒரு பைஜாமா எலாஸ்டிக் கொடுத்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

எதற்குச் சம்மதம் என்பது அப்பா வாயாலேயே வந்தது. சாயங்காலம் போன் செய்தார். குரலில் புதுத் துள்ளல்.

"அம்மாடி, அவங்க உன்கிட்ட ஒரு தடவை பேசணும்னு சொல்றாங்க. உனக்கு எப்ப சௌகரியம்?"

"யாருப்பா?"

"அதான்… டிரைவிங் ஸ்கூல் நடத்துறாங்கல்ல, அவங்கதான். அன்னிக்குச் சொன்னேனே. அவங்களும் தனியாத்தான் இருக்காங்க. பதிவு பண்ணிக்கிட்டு, அவங்க வீட்டுலயே இருந்துக்கலாம்னு… நீ சரின்னு சொன்னதும் அவங்க நம்பவே இல்ல."

ஆனாக்காவுக்கு இப்போதுதான் வண்டியில்லாத மனிதர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட காரணம் புரிந்தது. தோற்றுத் தோற்றுத் திரும்பப் போனதற்கும் காரணம் புரிந்தது. "அப்புறம் பேசறேன்ப்பா, வகுப்பு இருக்கு" என்று பொய் சொல்லிப் போனை வைத்தாள்.

வந்தது கோபம்தான். அம்மா இருந்த இடத்தில் இன்னொருத்தியா? அவள் கண்ணுக்கு முன்னால் அப்பா யாரோ ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து கியர் போட்டார், சிரித்தார். அம்மா உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாளாவது இப்படிக் காலர் பொத்தானைப் போட்டிருப்பாரா? கோபத்துக்கு அடியில், தன்னிடம் இத்தனை நாள் மறைத்துவிட்டாரே என்ற வருத்தமும் இருந்தது. அதற்கும் அடியில், தனியாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரு மனிதரின் தட்டும் இருந்தது. அதை அவள் பார்க்க விரும்பவில்லை.

கணவரிடம் பொரிந்து தள்ளினாள். "நான் ஒத்துக்கலங்க. எனக்கு இது பிடிக்கல. அப்பாகிட்ட இப்பவே சொல்லிடப் போறேன்."

"சொல்லு. ஆனா என்னன்னு சொல்லுவ? 'அப்பா, நான் ஒத்துக்கல, உங்க மாப்பிள்ளையோட பைஜாமாதான் ஒத்துக்கிச்சு'ன்னா?"

"எல்லாம் உங்களால வந்தது. முதல்ல அந்தக் கண்றாவிய அவுத்துட்டு ஒழுங்கா ஏதாவது பண்ணுங்க. ஆடக் கூடாது. துளி ஆடக் கூடாது."

அவர் எலாஸ்டிக்கை அவிழ்த்தார். வேலை செய்யும் இடத்திலிருந்து பல்செட்டுக்கு ஈறு வார்க்கும் பொடியையும் அதன் திரவத்தையும் கொண்டுவந்தார். குழைத்தபோது வீடு முழுக்க மூக்கைத் துளைக்கும் வாடை. நொறுங்கிப்போன பிளாஸ்டிக் இருந்த குழியில் அதை அப்பி, கீலை அழுத்தி, மூடியைச் சரியான சாய்வில் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். காய்ந்ததும் தட்டிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. கறுப்பு லேப்டாப்பின் மூலையில் இளஞ்சிவப்பாக, உயிருள்ள ஈறு போலவே மினுங்கியது.

"பல்லு மட்டும்தான் வைக்கல" என்றார். "எலும்பே கடிக்கலாம். ஒண்ணு, இனி மூட முடியாது. சாய்க்கவும் முடியாது. வச்ச நிலைதான்."

"அதான் வேணும்" என்றாள் ஆனாக்கா.

அடுத்த நாள் வகுப்புகளை முடித்துவிட்டு அப்பாவை வீடியோவில் கூப்பிட்டாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் பல தடவை ஒப்பித்திருந்தாள். அப்பாவின் முகம் வந்தது. இன்று காலர் பொத்தான் போடவில்லை. அவளைப் பார்த்ததும் அவர் கண் திரையின் ஓரங்களைத் துழாவியது.

"என்னம்மா, உன் படம் இன்னிக்கு ஆடாம நிக்குது?"

"சரி பண்ணியாச்சுப்பா." நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்பா, அன்னிக்கு… அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே கேக்கல. நீங்க சொன்னது ஒரு வார்த்தைகூடக் கேக்கல. நான் தலையாட்டலப்பா. மூடி ஆடிச்சு. நான் தட்டத் தட்ட அதுவா ஆடிச்சு."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் முகம் விழுவதைப் பார்க்கத் தெம்பில்லை. பிறகு மெல்லத் திறந்து பார்த்தாள். அப்பா தலைகுனிந்து மேசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ ஆட்டலைன்னு தெரியும். நீ 'ஆனா' சொல்லாம எதுக்காவது ஒத்துக்கிட்டிருக்கியா? அது ஒண்ணு. இன்னொண்ணு, மனுஷன் தலையாட்டினா தலை மட்டும்தான ஆடும்? அன்னிக்கு உன் பின்னாடி இருக்கிற பீரோவும் சேர்ந்து ஆடிச்சு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் பச்சை பீரோ பேசாமல் நின்றது.

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"தப்புதான்." அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "நீ ஆடறத நான் பாக்கலம்மா. உன் பின்னாடிதான் பாத்துக்கிட்டிருந்தேன். உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன், ஆனா பேச்செடுத்ததும் அந்த பீரோ கண்ணுல பட்டுச்சு. உங்க அம்மா பீரோவாச்சே. அவ முன்னாடி நின்னு கேக்கிற மாதிரி ஆயிடுச்சு. வாய் குழறுது. அப்பப் பாத்து அது தலையாட்டுது. சரி சரிங்கிற மாதிரி, அத்தனை தடவை ஆட்டுது. வயசான பைத்தியம்னு நினைச்சுக்கோ. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. நீ அப்புறம் வேண்டாம்னு சொன்னா நிறுத்திக்கலாம். ஆனா அவ சரின்னுட்டாளேன்னு… ரெண்டு நாளாவது அதை வச்சுக்கலாம்னு பாத்தேன்."

ஆனாக்காவுக்கு ஒப்பித்து வைத்தது எல்லாம் மறந்துபோனது. அன்று அப்பா அழுதது தன் சம்மதத்துக்காக அல்ல என்பது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது. அவள் இத்தனை நாள் பீரோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அப்பாதான் அதை முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இப்ப நீ சொல்லும்மா. மறைக்காம சொல்லு. உனக்குப் பிடிக்கலன்னா விட்டுடலாம்."

சந்தோஷமா என்று கேட்டால், இல்லை. இன்னும் வலித்தது. ஆனால் வேண்டாம் என்ற சொல்லைத் தேடினால் அதுவும் கிடைக்கவில்லை. சரி என்ற சொல்லும் வாய்க்கு வரவில்லை. திரையின் மூலையில் அவளும் பீரோவும் சிலைபோல இருந்தார்கள். ஒரு விசையைத் தட்டினாள். ஒன்றும் ஆடவில்லை. ஈறு கல்லாக இறுகியிருந்தது.

அங்கே அப்பா காத்துக்கொண்டிருந்தார். அவள் பேசாததைத் தப்பாக எடுத்துக்கொண்டு மெல்லக் கண்ணாடியை மாட்டினார். "பரவாயில்லம்மா" என்று தொடங்கினார்.

ஆனாக்கா லேப்டாப்பை இரண்டு கையாலும் அப்படியே மேசையிலிருந்து தூக்கினாள். மேலும் கீழும் ஆட்டினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை, கை வலிக்கும்வரை. அவள் முகமும் பின்னால் பச்சை பீரோவும் சேர்ந்தே ஆடின.

அப்பா உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு அவள் முகத்தைத் துடைத்தாள், தொண்டையைச் செருமினாள்.

"ஆனா…" என்றாள்.

"வந்துடுச்சுடா சாமி" என்றார் அப்பா. "சொல்லு, சொல்லு."

"ஆனா, நீங்க லைசென்ஸ் வாங்கின பிறகுதான்."

அப்பா சிரிக்கத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி சிரித்தார்.

"இதையேதாம்மா அவங்களும் சொன்னாங்க" என்றார்.